இரண்டாவது ஓலையில் நான் இருமியது

கண்ணா,

செங்கல்பட்டில் என் மின்சார ரயில் திரும்பக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதத் தொடங்குகிறேன். உனக்குத் தெரியும், இங்கே வந்ததும் நான் ஒரு கேபினிலிருந்து இறங்கி, நடைமேடை நெடுக நடந்து, மறுகோடியில் இருக்கும் கேபினில் ஏறிக்கொள்வேன். கார்டு எதிரே நடந்து வந்து என் இடத்துக்குப் போவார். அதுவரை வாலாக இருந்தது தலையாகிவிடும். சின்ன வயதில் இதைச் சொன்னபோது, வண்டிக்கு வலிக்காதா என்று கேட்டாய். கொளவாய் ஏரி மேல் இன்னும் பனி கிடக்கிறது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு பறவை அந்த வெள்ளைக்குள் போகிறது, திரும்பி வருகிறது. இந்த மாதிரிக் காலைகளில் நான் வண்டி ஓட்டுகிறேனா, ஓட்டுவதாகக் கனவு காண்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதே, வேலைக்கு வினையாகிவிடும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிம்மா" என்பாய். உன்னுடைய அந்த "சரிம்மா"வுக்கு முன்னால் எப்பேர்ப்பட்ட பேச்சும் படுத்துவிடும். அதனால்தான் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் கல்யாணத்துக்கு மூன்றாவது ஓலை வாசிப்பார்கள், மூன்று வார அறிவிப்பில் அதுதான் கடைசி. அதற்குள் நீ மெர்சியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உனக்கு வேலை போய்விட்டது என்பதைத்தான். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது, போன ஞாயிறு நான் இருமிய நொடியில் உனக்கும் தெரிந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் அதன் பிறகு சாம்பாரைப் பற்றியும் மோட்டார் ரிப்பேரைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் பார்த்தது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் என் டூட்டி நேரத்தைப் பார்த்து, என் கண்ணில் படாதபடி நீ திட்டம் போட்டிருக்கிறாய், கெட்டிக்காரன்தான். ஆனால் முதல் ஓலைக்கு முன்னால் ஒரு நாள், உடன் வேலை செய்கிற ஒருத்திக்கு வீட்டில் விசேஷம், அவளுடைய டூட்டியை நான் வாங்கிக்கொண்டேன். ஊரப்பாக்கத்தில் வண்டியை நிறுத்துகிறேன், நடைமேடையின் கோடியில் மரத்தடி பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாய். ஓ.எம்.ஆரில் ஆபீசுக்குள் இருக்க வேண்டிய நேரம். இஸ்திரி போட்ட சட்டை. ஷூவைக் கழற்றி, சாக்சை அதற்குள் சுருட்டி வைத்து, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்திருந்தாய். எல்.கே.ஜி. படிக்கும்போது பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கையில் அப்படித்தான் உட்காருவாய். மடியில் லேப்டாப் திறந்திருந்தது, ஆனால் நீ அதைப் பார்க்கவில்லை. எதிர்த் தண்டவாளத்துக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிடு தூரம்கூட இல்லை. கையை நீட்டியிருந்தால் மரத்து இலை தட்டியிருக்கும். பின்னாலிருந்து கார்டு புறப்படலாம் என்று இரண்டு முறை மணி அடித்தார். நானும் பதிலுக்கு இரண்டு முறை அடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? எனக்குப் பின்னால் ஒரு ஊரே உட்கார்ந்திருக்கிறது.

அன்று சாயந்திரம் நீ வீட்டுக்கு வந்து, "செம வேலைம்மா இன்னிக்கு" என்றாய். கழுத்தில் ஆபீஸ் பட்டை தொங்கியது. அதன் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தாய். துணி ஊறப்போடும்போது பார்த்தேன், பட்டை மட்டும் இருந்தது, அடையாள அட்டையைக் காணோம். அட்டையை வாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருப்பார்கள் என்று புரிந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வேலை போனதற்காக இல்லை. அந்த வெறும் பட்டையை நீ தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மாட்டிக்கொண்டு போனாயே, அதற்காக. அப்பா பாவம், வேறு கவலையில் இருந்தார். "இவன் டப்பா இப்பல்லாம் கழுவி வெச்ச மாதிரி வருது, பத்தலை போல" என்று மறுநாளிலிருந்து கூடுதலாக ஒரு முட்டையை வைக்க ஆரம்பித்தார். ஆபீசில் சாப்பிட நேரமில்லாமல் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை, பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். அதற்குள் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. பிறகு போன ஞாயிறு இரண்டாவது ஓலை. உன் பெயர், மெர்சியின் பெயர், கீழ்க்கட்டளை, நம்முடைய தாம்பரம், எல்லாவற்றையும் ஆயர் அழுத்தம் திருத்தமாக வாசித்தார். இவர்கள் சேரக்கூடாததற்குத் தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் நான் பொதுவாக மத்தியானச் சமையலைப் பற்றித்தான் யோசிப்பேன். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி நேராக என்னை நோக்கி வந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குத் தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை அடக்கினேன். அப்புறம் சர்ச்சே அதிர இருமிவிட்டேன்.

மொத்த சபையும் திரும்பிப் பார்த்ததே, அதை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது. மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து தடை சொல்லப்போகிறாள் என்று பாடகர் குழுவே கழுத்தை நீட்டியது. ஆயர் புத்தகத்தை மூடலாமா வேண்டாமா என்று கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திண்டாடினார். வெளியே வந்ததும் பின்வரிசை டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சிஸ்டர், ஒரு நிமிஷம் எங்களுக்கு ஹார்ட்டே நின்னுடுச்சு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. இருமலுக்கு நடுவே நான் உன்னைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ரத்தமே இல்லை.

இதுவரை இருப்பது செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வியாழன், தாம்பரத்தில் ஓய்வறையில் இருக்கிறேன். நேற்று தூக்கத்தில் எனக்கு அடிக்கடி வரும் கனவு வந்தது. வண்டி ஊரப்பாக்கத்தைத் தாண்டியதும் எனக்குத் தெரியாத ஸ்டேஷன்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெயர்ப்பலகை எல்லாம் வெள்ளையாக இருக்கும். யாரும் ஏறமாட்டார்கள், யாரும் இறங்கமாட்டார்கள். ஆனால் பயமாக இருக்காது, அதுதான் வேடிக்கை. மெத்தென்று போய்க்கொண்டே இருப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கனவு வந்து, வியர்த்து விழித்துக்கொள்வேன். அப்போது கேபினில் ஒரு பெண்ணைப் பார்த்தாலே ஜனங்களுக்கு நம்பிக்கை வராது. பல்லாவரத்தில் ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் வந்து, "ஏம்மா, டிரைவர் எங்க?" என்று கேட்டார். "நாந்தான் சார்" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். வண்டியையும் விட முடியவில்லை, என்னையும் நம்ப முடியவில்லை. "அப்ப மெதுவாவே போம்மா, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். மனுஷன் பொய் சொன்னார், அவசரம் இல்லாதவர் யார் காலை நேரத்து வண்டியில் வருவார்கள். அன்றைக்கு என் கை நடுங்கியது. தைரியம் வந்த பிறகுதான் நான் வண்டியை எடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நடுங்குகிற கையால்தான் எடுத்தேன். சைதாப்பேட்டை போவதற்குள் நடுக்கம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு போகிப் பண்டிகை வந்தது, உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. விடியும் முன்பே தெருத்தெருவாகப் பாயையும் டயரையும் எரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டன. தாம்பரத்தில் வண்டியை எடுக்கும்போது கொஞ்சம் தெரிந்தது, குரோம்பேட்டை தாண்டியதும் ஒன்றுமே இல்லை. என் விளக்கின் வெளிச்சம் போய்ச் சுவரில் மோதினாற்போல என் முகத்துக்கே திரும்பி வந்தது. உலகத்தையே யாரோ துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ கோயில் ஸ்பீக்கர் பாட்டு மட்டும் மிதந்து வந்தது. அந்த வெள்ளைக்குள்ளே மங்கலாக ஒரு சிவப்பு. நிறுத்தினேன்.

எங்கள் வேலையில் சிவப்பு இரண்டு வகை. சில கம்பங்களில் சிவப்புக்குக் கீழே 'ஏ' என்ற ஆங்கில எழுத்து போட்ட வட்டப் பலகை இருக்கும். அங்கே வண்டியை முழுசாக நிறுத்த வேண்டும். பகலில் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சிவப்பு மாறவில்லை என்றால் ஊதிவிட்டு, கார்டுக்குத் தெரிவித்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்திக்கொள்ளக்கூடிய வேகத்தில் ஊர்ந்து போகலாம். தூரத்தில் அடுத்த சிக்னல் பச்சையாகவே தெரிந்தாலும் சரி, அதன் காலடிக்குப் போய்ச் சேரும்வரை வேகம் எடுக்கக்கூடாது. அந்தப் பலகை இல்லாத சிவப்பு வேறு ஜாதி. அங்கே எவ்வளவு நேரம் ஆனாலும் நின்றாக வேண்டும். அனுமதி கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் ஓர் அடி நகரக்கூடாது. அன்றைய போகி சிவப்பு முதல் வகை. காத்திருந்தேன். மாறவில்லை. நகர்ந்தேன். ஒரு ஆள் நடந்தால் என்னை முந்திக்கொண்டு போயிருப்பான். பின்பெட்டிகளிலிருந்து கத்தினார்கள். கண் எரிந்து கொட்டியது. கொஞ்ச தூரம் போனதும் புகைக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு முன்னால் போன வண்டியின் வால் விளக்கு. நிதானமாக நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என் தலைமுடியெல்லாம் புகை நாற்றம். நீ மடியில் ஏறி மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாய், "ஒண்ணுமே தெரியலைன்னா எப்படிம்மா போன?"

"தெரியுற வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"அங்க போனதும் இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுது."

நீ "அவ்ளோதானா?" என்று ஏமாந்துபோய் இறங்கி ஓடிவிட்டாய். நான் ஏதோ வீரதீரக் கதை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அவ்வளவுதான் கண்ணா. இத்தனை வருஷம் ஓட்டிய பிறகும் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

உன் வேலை போனது பலகை வைத்த சிவப்பு. இதை நான் தெரிந்தே சொல்கிறேன். நீ திறமையில்லாதவன் என்று யாரும் தீர்ப்பு எழுதிவிடவில்லை. உன்னோடு எத்தனை பேரிடம் அட்டையைப் பிடுங்கியிருப்பார்கள். இன்றைக்கு யாருடைய வேலை எவ்வளவு நாள் என்று எவனுக்கும் தெரியாது, அவ்வளவு புகை. நீ நின்றாய், அது சரி. பெஞ்சில் உட்கார்ந்தாய், அதுவும் சரி, உட்காராமல் எவனால் யோசிக்க முடியும். இனி மெதுவாக நகரலாம். சின்ன வேலையோ பாதி வேலையோ, தெரிகிற தூரம் வரைக்கும் போ. ஒரு இன்டர்வியூ நன்றாகப் போனதுமே பறக்க ஆரம்பித்துவிடாதே. அப்பாவின் பென்ஷன் இருக்கிறது, என் சம்பளம் இருக்கிறது, மோட்டார் மட்டும்தான் ரிப்பேர். சோற்றுக்குக் குறைவில்லை.

ஆனால் மெர்சியிடம் சொல்லாமல் கல்யாணத்துக்குள் நுழைவது இரண்டாவது வகை. புது வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதானே இருக்கிறாய்? உன் மூளை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாதா, பெற்றவள் நான். தூரத்துப் பச்சையைப் பார்த்துக்கொண்டு பக்கத்துச் சிவப்பைத் தாண்டுகிற வேலை அது. அங்கே அனுமதி தர வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவள் "வா" என்றும் சொல்லலாம், "பொறு" என்றும் சொல்லலாம். "வேண்டாம்" என்றுகூடச் சொல்லலாம், அப்படிச் சொன்னால் நமக்கு வலிக்கும், எனக்கு உன்னைவிட வலிக்கும், அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சிவப்பில் நீ நின்றே ஆக வேண்டும்.

நேற்று அவள் எனக்குப் போன் செய்தாள். கோவிலம்பாக்கத்தில் அவள் பிசியோதெரபி பார்க்கிற கிளினிக்கிலிருந்து, யாருக்கோ முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினாள் போலிருக்கிறது, பின்னால் ஒரு அம்மா முனகும் சத்தம் கேட்டது. "ஆன்ட்டி, இருமல் எப்படி இருக்கு? ஓலை வாசிக்கும்போது பெரிய கலாட்டாவாமே, எங்க சர்ச் வரைக்கும் நியூஸ் வந்துடுச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "அவர் ஏன் ஆன்ட்டி ஒரு மாதிரி இருக்கார்? கேட்டா ஒண்ணுமில்லன்றார்" என்றாள். வாய்வரை வந்துவிட்டது கண்ணா. "அவன்கிட்டயே இன்னொரு தடவை கேளும்மா. இந்தத் தடவ விடாம கேளு" என்று மட்டும் சொன்னேன். அது என் வாயால் வரக்கூடாது. என் வாயால் வந்தால் அவளுக்கு ஒரு நல்ல மாமியார் கிடைப்பாள், நல்ல புருஷன் கிடைக்கமாட்டான்.

வியாழனன்று இதுவரை எழுதிவிட்டு, மறுநாள் உன் லேப்டாப் பையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை பையைத் தொட்டேன், வைக்கவில்லை. நீ அன்றைக்கு அந்தப் பட்டையை மாட்டிக்கொள்ளாமல் கிளம்பினாய். கண்ணாடி முன்னால் நிற்கவும் இல்லை. "வரேம்மா" என்றாய், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். ஒரு நாள் பொறுக்கலாம் என்று தோன்றியது.

இன்று சனிக்கிழமை. மறுபடியும் செங்கல்பட்டு, மறுபடியும் அதே ஏரி. சற்று முன் ஊரப்பாக்கத்துக்குள் வண்டியை விட்டபோது வெயில் அப்போதுதான் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தது. மரம் தெரிந்தது. பெஞ்ச் தெரிந்தது. பெஞ்சில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கனவுதான் என்று நினைத்தேன், ஸ்டேஷன் பெயர்ப்பலகையை ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

உன் ஷூவுக்குப் பக்கத்தில் அவள் செருப்பு கிடந்தது. அப்பா கட்டிக்கொடுத்த டப்பா அவள் மடியில் இருந்தது, அந்தக் கூடுதல் முட்டையை அவள்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, நன்றாக அழுதிருக்கிறாள். நீயும்தான். என்ன பேசினீர்கள், அவள் எவ்வளவு கோபப்பட்டாள், எனக்குத் தெரியாது, நீ சொல்லவும் வேண்டாம். அவள்தான் முதலில் கேபினைப் பார்த்தாள். முழங்கையால் உன்னை இடித்தாள். நீ வெறுங்காலோடு எழுந்து நின்று கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தாய். அசைக்கவில்லை. சின்னப் பையனாக இருந்தபோது மொட்டை மாடியில் பச்சைத் துண்டை வைத்துக்கொண்டு, எல்லாம் சரி, போகலாம் என்று என் வண்டிக்குக் காட்டுவாயே, அதே மாதிரி. துண்டு மட்டும்தான் இல்லை.

மணி இரண்டு முறை அடித்தது. நானும் அடித்தேன். அவசியம் இல்லாமல் நான் ஹாரனைத் தொட்டதே கிடையாது, அப்பாவைக் கேட்டுப்பார். இன்றைக்கு அழுத்தினேன், மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. உடனே பின்னாலிருந்து கார்டு தம்பி போனில் வந்தார், ராயபுரத்துக்காரர்.

"இன்னாக்கா, லைன்ல யார்னா கீறாங்களா?"

"லைன்ல யாரும் இல்ல தம்பி. பிளாட்பாரத்துல என் புள்ள நிக்கிறான்."

"அதுக்கா இம்மாம் பெரிய ஆரனு? நான் பேஜாராயிட்டேன்கா!"

இந்தக் கடிதத்துக்கு இனி அவசரம் இல்லை. ஆனாலும் தருகிறேன், இரண்டு பேருமாகப் படியுங்கள், புகை இதோடு முடிந்துவிடாது. நாளை மூன்றாவது ஓலை. ஆயர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் பக்கம்தான் பார்ப்பார். கைப்பையில் இருமல் மிட்டாய் எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா